சனிக்கிழமைகளை விட்ட கணக்கு

நெருப்பெரிச்சல்,
28.2.2025, வெள்ளி காலை

அன்புள்ள தெய்வா,

மூன்று முறை போன் அடித்தேன். நீ எடுக்க மாட்டாய் என்று தெரிந்தேதான் அடித்தேன். ஆசிரியர் பயிற்சி விடுதியில் நாம் இருவரும் போட்டுக்கொண்ட விதி இது. சண்டை வந்துவிட்டால் வாயால் பேசக் கூடாது, தாளில்தான் பேச வேண்டும். நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகும் நீ அதை மறக்கவில்லை. சரி, எழுதுகிறேன். வேலையாகத் தினமும் திருப்பூர் வந்து போகும் உன் அண்ணன் குமாரசாமி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று நடந்ததைத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். கோயில் மைதானத்தில் கும்மிப் பயிற்சி முடிந்ததும் மகுடேஸ்வரன் வாத்தியார், மார்ச் ஒன்பது ஞாயிறு சாயங்காலம் அரங்கேற்றம் என்று அறிவித்தார். ஐம்பத்தைந்து பேர் கை தட்டினார்கள். நீ தட்டவில்லை. நீ ஊர் திரும்பும் ரூர்கேலா ரயில் அதே ஞாயிறு மதியம். நீ ஒன்றும் கேட்காமல் என் வீட்டுக்கு நடந்தாய், பெட்டியைக் கட்டினாய், சோமனூரில் உன் அண்ணன் வீட்டுக்கு ஆட்டோ ஏறிவிட்டாய். அடுப்பில் உனக்கென்று வைத்த பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

கணக்கு எங்கே தப்பியது என்று சொல்லிவிடுகிறேன். பயிற்சி நாற்பத்திரண்டு நாள். ஜனவரி இருபது திங்களன்று தொடங்கினோம். ஒரு நாளும் விடாமல் எண்ணினால் மார்ச் இரண்டாம் தேதி முடிகிறது. அதனால்தான் பொங்கலுக்கு நீ வந்து இறங்கியதுமே, மார்ச் ஒன்பதுக்குத் திரும்பும் டிக்கெட்டைப் போடு, ஒரு வாரம் கையில் இருக்கும் என்று பெரிய கணக்கு டீச்சர் மாதிரிச் சொன்னேன்.

நான் விட்டது சனிக்கிழமைகளை. நம் குழுவில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். வாங்கிய கையோடு சந்தை, மளிகை, பிள்ளைகளுக்குப் புரோட்டா. அன்றைக்கு ஒருவரும் கும்மிக்கு வர மாட்டார்கள். முப்பத்தேழு வருஷம் மாதக் கடைசியில் சம்பளம் வாங்கியவளுக்கு இது தோன்றவே இல்லை. ஏழு சனிக்கிழமையைக் கழித்தால் நாற்பத்திரண்டாவது நாள் சரியாக மார்ச் ஒன்பதில் வந்து விழுகிறது. சுவருக்கு வெள்ளையடிக்கும் கணக்கு சொல்லிக் கொடுப்பேனே, சுவரின் பரப்பைக் கண்டுபிடித்துவிட்டு ஜன்னலைக் கழிக்க மறக்கும் பிள்ளைகள் வகுப்புக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நான் பதினோராவது ஆள்.

தவறுதான். மன்னித்துக்கொள். இன்று சாயங்காலம் பயிற்சிக்கு வந்துவிடு. என் எதிரில் நிற்க வேண்டியவள் நீ. நீ இல்லாவிட்டால் நான் காற்றோடுதான் கை தட்ட வேண்டும்.

உன்
ஜெயபாரதி


சோமனூர்,
1.3.2025, சனி

அம்மிணி ஜெயபாரதி டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் அண்ணன், தபால்காரன் வேலைக்குத் தனக்கு எப்போது உத்தரவு வரும் என்று கேட்கிறான்.

எனக்குக் கணக்கு வராது. நான் தையல் டீச்சர். ஆனால் இஞ்சுப் பட்டை பிடித்தவளுக்கு அளவு மறக்காது. ஜனவரி இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை. நீயும் நானும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். ஒரு ஈ காக்கை இல்லை. கோயில் வாட்ச்மேன் என்ன சொன்னார்? "இன்னைக்குச் சம்பளமுங்க, ஆரும் வரமாட்டாங்க" என்றார். நாம் சிரித்துவிட்டு டீ குடித்துத் திரும்பினோம். நான் அதோடு அதை மறந்தேன். நீ கணக்கு டீச்சர். வீடு வந்து சேர்வதற்குள் நீ மனசுக்குள் கூட்டிக் கழித்திருப்பாய். இல்லை என்று சொல்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் டிக்கெட்டை மாற்றியிருக்கலாம். இப்போது என்ன கதி? நேற்று முழுக்க அண்ணன் மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டான். ஹோலிக்கு ஊருக்குப் போகிற கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் அந்த வண்டியில்தான். பதினைந்தாம் தேதி வரைக்கும் ஒரு இடம் இல்லை. விமானத்தில் ஏற எனக்குக் காது டாக்டர் தடை போட்டிருக்கிறார், அது உனக்கே தெரியும். மகள் ஜனனிக்குப் பிரசவத் தேதி பதினாலு. தலைப்பிரசவம். அம்மா பக்கத்தில் இல்லாமல் இருக்க முடியாது. ஆகையால் ஒன்பதாம் தேதி மதியம் நான் வண்டியில் ஏறியாக வேண்டும். சாயங்காலம் நீங்கள் ஆடுவீர்கள்.

உனக்கு இது கும்மி. எனக்கு என்ன என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். முப்பது வருஷம் ரூர்கேலா தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளின் ஆட்ட உடுப்பைத் தைத்தேன். மயில் தைத்தேன், பட்டாம்பூச்சி தைத்தேன், ஒரு வருஷம் பன்னிரண்டு சூரியகாந்தி தைத்தேன். கைதட்டல் கேட்கும்போதெல்லாம் நான் திரைக்குப் பின்னால் ஊசியும் நூலுமாகக் குந்தியிருப்பேன். இங்கே வந்தும் என்ன செய்தேன்? கை தூக்கினால் பிடிக்கிறது என்றார்கள் என்று உங்கள் ஐம்பத்தைந்து பேர் ரவிக்கைக்கும் அக்குளில் பிரித்துத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தேன். ஆனால் இந்தத் தடவை ஐம்பத்தாறாவது ரவிக்கை எனக்கு. அறுபத்திரண்டு வயசில் முதல் தடவையாகத் திரைக்கு முன்னால் வருகிறேன் என்று என் வீட்டுக்காரர் வேல்குமாருக்குத் தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது. உனக்கு எப்போது தெரியும்?

தெய்வாத்தாள்


நெருப்பெரிச்சல்,
2.3.2025, ஞாயிறு

தெய்வா,

ஜனவரி இருபத்தைந்து அன்றே தெரியும். டீக்கடைப் பெஞ்சிலிருந்து எழுவதற்குள் தெரிந்துவிட்டது.

அன்று சொல்லாததற்குக் காரணம் வெட்கம். கணக்கு டீச்சர் நாளை எண்ணத் தெரியாமல் டிக்கெட் போட வைத்தாள் என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாய் என்று பயந்தேன். திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை வந்தபோது காரணம் மாறிவிட்டது. அதைத்தான் போன கடிதத்தில் எழுதாமல் ஏமாற்றினேன்.

நீ வந்த பிறகு காலையில் நான் இரண்டு டம்ளர் கழுவுகிறேன். அவர் போன பிறகு நான்கு வருஷமாக ஒரு டம்ளர்தான். சின்ன விஷயம். ஆனால் ஒற்றை டம்ளரைக் கவிழ்த்து வைக்கும்போது வரும் சத்தம் இருக்கிறதே, அது ஒரு மாதிரி. அரங்கேற்றம் ஒன்பதாம் தேதி என்று கடைசியில் தெரிந்தால் நீ ஆட்டத்தை விட மனசில்லாமல் ரயிலை விடுவாய், இன்னும் பத்து நாள் இருப்பாய் என்று நினைத்தேன். ஜனனிக்குத் தேதி பதினாலு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைத்தேன். இதற்கு என்ன உதாரணம் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்காரும் பெண் தன் வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக அவள் செருப்பை ஒளித்து வைக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு ஆறு வயது.

இதற்கு மன்னிப்புக் கேட்கிற தைரியம் இல்லை. விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டேன்.

பாரதி


சோமனூர்,
3.3.2025, திங்கள்

பாரதி,

உன் கடிதத்துக்கு இரண்டு பக்கம் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். முதல் பக்கத்தில் திட்டு. இரண்டாவது பக்கத்தில் அழுகை. இரண்டையும் நீ படிக்க வேண்டாம்.

எனக்குக் கோபம் தீரவில்லை. நீ தனியாக இருக்கிறாய் என்று என்னிடம் வாய் திறந்து சொல்லியிருந்தால் நான் கார்த்திகையிலேயே வந்திருப்பேன். செருப்பை ஒளித்து வைத்தாய். சரி, விடு.

இங்கே நடப்பதைக் கேள். பயிற்சி நேரம் ஏழு மணி ஆனதும் எனக்குக் கால் நிற்க மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமையிலிருந்து அண்ணனுடைய தறிக்கூடத்தில் ஆடுகிறேன். தறிகளுக்கு நடுவில் ஆள் நடக்கிற சந்து ஒன்று இருக்கிறது, அதில்தான். தறிச் சத்தத்தில் நான் பாடுவது எனக்கே கேட்பதில்லை. ஆனால் அந்தத் தடக் தடக் இருக்கிறதே, நம் மூன்றாவது அடவுக்கு அப்படிப் பொருந்துகிறது. நேற்று நான் ஆடுவதைத் தறி ஓட்டுகிறவர்கள் வேடிக்கை பார்த்ததில் இரண்டு தறியில் இழை அறுந்து நின்றுவிட்டது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏ புள்ள, ஆடறதுன்னா வாசல்ல போயி ஆடு, என்ற பொழப்ப ஏன் கெடுக்கற" என்றான். வாசலில் ஆட எனக்கு வெட்கம் என்றேன். ஊரே பார்க்கிற மேடையில் ஆடப் போகிறவளுக்கு வாசலில் ஆட என்ன வெட்கம் என்று கேட்டான். எந்த மேடை என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

நீ முப்பத்தேழு வருஷம் பிள்ளைகளிடம் என்ன சொன்னாய்? தப்பாகப் போட்ட கணக்கை அழிக்காதே, அடியில் ஒரு கோடு போட்டுத் திருத்திப் போடு என்றுதானே? திருத்து. என்னிடம் மன்னிப்புக் கேட்டு உட்கார்ந்திருக்காதே.

தெய்வா


நெருப்பெரிச்சல்,
5.3.2025, புதன், காலை ஆறு மணி

என் தெய்வா,

அவசரத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போகிறது, பொறுத்துக்கொள். திருத்தியாகிவிட்டது. எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன், கடைசி வரிக்குத் தாவாதே.

நேற்று மதியம் மகுடேஸ்வரன் வாத்தியாரைத் தேடி அவர் வேலை செய்யும் நிட்டிங் கம்பெனிக்கே போனேன். பெரிய வட்ட மெசினுக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். நம் கும்மி வாத்தியாரின் பகல் வேலை மெசின் பிட்டர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்தது இதுதான் முதல் தடவை. கையெல்லாம் ஆயில். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். அரங்கேற்றத்தை ஞாயிறு காலைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். பிளெக்ஸ் வைத்தாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று, சாயங்காலத்துக்கு விருந்தினரைக் கூப்பிட்டாயிற்று என்றார். விழா சாயங்காலமே இருக்கட்டும், சலங்கை கட்டி முதல் ஆட்டம் ஆடுவதை மட்டும் விடியலில் வைத்துக்கொள்ளலாமே, மறுபடியும் சாயங்காலம் விருந்தினருக்கு ஆடிக்கொள்ளலாமே என்றேன். அதுக்கு அவர் கொஞ்சம் இளகினார். பிறகு ஆயில் கையாலேயே விரலை எண்ணிவிட்டுத் தலையாட்டினார்.

"பொழுது சாஞ்சாத்தானுங்க ஒரு நாள் கணக்கு, ஞாயித்துக்கெழம காலைலன்னா நாப்பத்தொரு நாள்தானுங்க ஆகுது டீச்சர். நாப்பத்திரண்டுல ஒண்ணு கொறஞ்சாலும் நான் சலங்கை கட்ட உடமாட்டனுங்க."

அப்படியென்றால் சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி வைத்துவிடலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே சிரிப்பு வந்தது. சம்பளச் சனிக்கிழமையா, அதை நீங்களே அவர்களிடம் கேளுங்கள் என்று மறுபடியும் மெசினுக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் மைதானத்தில் கேட்டேன். சும்மா கேட்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமையை விட்டு எண்ணியதைச் சொன்னேன். தெரிந்த பிறகும் மறைத்ததைச் சொன்னேன். நீ சோமனூர் போனது என்னால்தான் என்று சொன்னேன். முப்பத்தேழு வருஷம் நின்றுகொண்டு பேசிப் பிழைத்தவள், தெய்வா, ஐம்பத்துநாலு பேருக்கு முன்னால் தரையைப் பார்த்துத்தான் பேசினேன்.

பனியன் செக்கிங்கில் வேலை செய்கிற பொன்னாத்தாள் இருக்கிறாளே, எப்போதும் முன் வரிசையில் நின்று எல்லாரையும் அதட்டுவாளே, அவள்தான் முதலில் எழுந்தாள்.

"ஏனுங்க டீச்சர், எங்க சனிக்கிழமையக் கணக்குலயே சேக்காம உட்டுட்டீங்களா? வாரம் பூரா வேலை செய்யறதே அந்த ஒரு சாயங்காலத்துக்குத்தானுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவள் சிரிக்கவில்லை. ஆமாம் என்றேன். அது என் கணக்கில் இல்லாமல் போனதற்கு வெட்கப்படுகிறேன் என்றேன். அவள் என்னை விட்டுவிட்டுப் பின்னால் திரும்பினாள். அதன் பிறகு நடந்த கூச்சலில் நான் ஒரு மூலையில் நின்றிருந்தேன். ஒருத்தி சனிக்கிழமை கறி எடுக்க வேண்டும் என்றாள். வீட்டுக்காரரை எடுக்கச் சொல் என்றாள் இன்னொருத்தி. "அவரு எடுத்தா எலும்பாத்தான் எடுப்பாரு" என்றாள் முதலாமவள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அந்த ஒல்லிப் பெண், ஞாயிறு ஒருநாள்தானே கண்ணு அசந்து தூங்குவோம், அன்னைக்கும் கோழி கூப்பிட எந்திரிக்கணுமா என்று புலம்பினாள். பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவார்கள் என்று நாலு பேர் கேட்டார்கள். நான் போடுகிறேன் என்றேன். பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பிள்ளைகளுக்குமா என்றார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் என்றேன். எண்ணியதில் நாற்பத்தொன்று.

கடைசியில் பொன்னாத்தாள் கையைத் தூக்கினாள். அக்குளில் நீ வைத்துத் தைத்த துண்டைத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கை மேல போகுதுன்னா அது அந்தக்காவாலதான். அந்தக்கா ஆடாம நாம ஆடறதா? எனக்குச் சம்மதம். உங்களுக்கு எப்படியோ."

தெய்வா, கும்மியில் நாம் கை தட்டுவோமே, அது மாதிரி ஒரே தட்டு. எல்லாரும்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. வாத்தியார், வராதவர்களுக்கு நாள் கணக்கு எப்படி நிரம்பும் என்று கேட்டார். வெள்ளி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நீ வரவில்லை. நீ தறிக்கூடத்தில் ஆடுவதைச் சொன்னேன். சாட்சி கேட்டார். உன் அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஆடுகிறாள், என் தறியெல்லாம் அதற்குச் சாட்சி என்றார் குமாரசாமி அண்ணன். பாட்டு யார் பாடினார்கள் என்று வாத்தியார் கேட்டார். "அதையும் அவளேதானுங்க. பாட்டுன்னு சொல்ல மாட்டனுங்க, ஆனா ஒரு நாளும் நிறுத்தல." வாத்தியார் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. நான்கு நாளையும் சேர்த்துக்கொண்டார். இன்றும் தறிக்கூடத்தில் ஆடிவிடு, அதையும் ஏற்றுக்கொள்வார். நாளையிலிருந்து நீ இங்கே நிற்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் இல்லை.

வருவாயா?

ஜெயபாரதி


சோமனூர்,
5.3.2025, சாயங்காலம்

பாரதி,

நாளை வருகிறேன். அண்ணன் காரில் கொண்டுவந்து விடுவான். தறிகளுக்கு நல்ல காலம் என்கிறான்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் சண்டையில்தான் இருக்கிறேன். பொன்னாத்தாளுக்காக வருகிறேன், எனக்காக வருகிறேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஆட்டத்தில் உன் கையைத் தட்டித்தான் ஆக வேண்டும், அது பேச்சில் சேராது.

நாற்பத்தொரு பிள்ளைக்கு என்ன சமைக்கப் போகிறாய்? உனக்கு ரசத்துக்கே உப்பு தெரியாது.

தெய்வா


7.3.2025, வெள்ளி, மைதானம்

தெய்வா,

நீ மூன்று அடி தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாய். நான் இதைப் பொன்னாத்தாள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நேற்றும் இன்றும் நீ தட்டிய தட்டில் என் உள்ளங்கை செம்பருத்தி மாதிரி ஆகிவிட்டது. நாற்பது வருஷக் கோபத்தையும் சேர்த்துத் தட்டுகிறாய் போலிருக்கிறது. தட்டு, பரவாயில்லை. ஆனால் நான்காம் அடவில் நீ அரைத் தாளம் முந்துகிறாய். தறி வேகம் அது. நம் வேகத்துக்கு வா.

ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு ஆட்டம். சோமனூரிலிருந்து வந்து சேர முடியாது. நாளைக்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடு. தக்காளிச் சோறு செய்யப் போகிறேன்.

பாரதி

(இதே தாளின் பின்பக்கம்)

வருகிறேன், பெட்டியோடு. பேச்சு கிடையாது. நாற்பத்தொரு பேருக்கு வெங்காயத்தை ஒருத்தியாக அரிய முடியாது. எனக்கு ஒரு அரிவாள்மனை எடுத்து வை. உப்பு நான் போடுகிறேன்.

தெ.


ரயிலில்,
10.3.2025, திங்கள்

என் பாரதிக்கு,

போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. அதோடு பத்து நாளாக எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. உன்னிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. நீ எனக்கு நேர் எதிரில் நின்றவள். ஆகவே உன் முதுகுக்குப் பின்னால் நடந்ததை நான்தான் பார்த்தேன். அதை முதலில் எழுதுகிறேன்.

மைக் செட்காரர் கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டார், வர மாட்டார் என்று கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. இன்னும் சரியாக விடியவில்லை. பத்துப் பேர் கூட வேடிக்கை பார்க்க இல்லை. வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக் எதுக்கு, ஐம்பத்தாறு தொண்டை இருக்கிறதே என்றார். அப்போதுதான் நீ குனிந்து என் காலில் சலங்கை கட்டினாய். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டாய். இருக்கட்டும் என்றேன். நாம் சண்டையை முடித்தது அங்கேதான். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை, ஆடி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

முதல் பாட்டு முடியும்போது உனக்குப் பின்னால் ரோட்டில் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். முதலில் நாலு பேர். பிறகு பத்து, இருபது. எல்லாரும் நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள். தலைமுடியில் பஞ்சுத் தூசு, கையில் காலி டிபன் பாக்ஸ். சைக்கிளை நிறுத்திவிட்டு, சட்டைப் பொத்தான் போடாமல், கண் சிவந்து நின்றார்கள். தூங்கப் போகிற அவசரத்தில் இருக்கிறவர்கள் ஒருத்தர்கூட நகரவில்லை. மூன்றாவது அடவில் பாதிப் பேர் நம்மோடு சேர்ந்து கை தட்டினார்கள். ஹிந்திக்காரப் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் விருந்தினர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருப்பார். அவருக்கு இந்தக் கூட்டம் கிடைத்திருக்காது.

நான்காம் அடவில் நான் தப்பு செய்தேன், தெரியுமா? நீ கவனித்திருப்பாய், ஆனால் சொல்லவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் நான் திரும்பவில்லை. ஒரு தாளம் அப்படியே நின்றுவிட்டேன். தலைக்குள் ஒன்றுமே இல்லை. பழைய பழக்கம், திரைக்குப் பின்னால் போய்விடலாம் என்று கால் தேடியது. பின்னால் திரை இல்லை, வேப்ப மரம்தான் இருந்தது. எதிரில் உன் கை வந்து காத்திருந்தது. தட்டினேன். தட்டியதும் கால் தானாகப் போனது. அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் நான் எதையும் யோசிக்கவில்லை. அப்படி யோசிக்காமல் இருந்தது கல்யாணத்துக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஸ்டேஷனுக்குக் கம்பெனி வேனில் இருபத்து மூன்று பேர் மஞ்சள் சேலையில் வந்து இறங்கினால் டிக்கெட் பரிசோதகர் பாவம் என்ன செய்வார். எந்தக் கல்யாணக் கோஷ்டி என்று கேட்டார். கல்யாணம் இல்லீங்க, அக்கா ஊருக்குப் போறாங்க என்று பொன்னாத்தாள் சொன்னதும், ஒருத்தருக்காகவா என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். வண்டி கிளம்பும்போது நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாய். நீ அழுதால் நானும் அழுவேன் என்று வேறு பக்கம் பார்த்தேன். அதனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஏப்ரலில் நீ இங்கே வருகிறாய். ஜனனி குழந்தைக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். எனக்கு இரண்டு கை போதாது. டிக்கெட்டை நானே போட்டுவிடுவேன், நீ நாளை எண்ண வேண்டாம்.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டி எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் இரண்டாம் தடவை ஆட ஆரம்பித்திருப்பீர்கள் என்று எனக்குக் கால் தரிக்கவில்லை. எனக்குப் பதில் உன் எதிரில் யார் நின்றார்கள் என்று எழுது. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பெட்டியில் கால் வைக்க இடமில்லை. ஹோலிக் கூட்டம். இரண்டு பேர் படுக்கிற இடத்தில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறோம். எல்லார் மடியிலும் பனியன் கம்பெனிப் பை. நான் இன்னும் மஞ்சள் சேலையை மாற்றவில்லை. மாற்ற மனசு வரவில்லை. எதிரில் ஜார்க்கண்டுப் பெண் ஒருத்தி, இருபது வயசு இருக்கும், அவிநாசி ரோட்டில் டெய்லராக இருக்கிறாளாம். தமிழ் நன்றாகப் பேசுகிறாள். என் சேலையையும் கணுக்காலில் சலங்கை அழுத்திய தடத்தையும் நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்று காலையில் கேட்டாள்.

"அக்கா, நீங்க என்ன வேலை?"

முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான், தையல் டீச்சர். அதுவும் உண்மைதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் வாயில் வேறு வந்தது. அவள் பாஷையிலேயே வந்தது. "நாச்தீ ஹூன்" என்றேன். ஆடுகிறவள்.

அவள் நம்பவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும். என்ன ஆட்டம் என்று கேட்டாள். சொன்னால் புரியாது என்றேன். காட்டுங்கள் என்றாள். அதற்குள் வண்டி ஏதோ பெயர் தெரியாத ஸ்டேஷனில், எதிர் வண்டிக்காக நின்றது. மற்ற ஆறு பேரும் காலை மடக்கி மேலே வைத்துக்கொண்டார்கள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒன்றரை அடி இடம் கிடைத்தது.

போதும் என்று எழுந்து நின்றேன். அந்தப் பெண்ணிடம், உன் இரண்டு கையையும் நீட்டு என்றேன்.

உன்
தெய்வாத்தாள்